கண்மணியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

காலையில் எழுந்தால் ஒரு கண்ணின் இமை பாதி இறங்கியிருக்கிறது. புருவத்துக்கு மேல் இரண்டு நாளாகக் குடைச்சல். இமையை விரலால் தூக்கினால் எதிரே நிற்பவர் இரண்டு பேராகத் தெரிகிறார். கையை எடுத்ததும் இமை விழுந்து கண்மணியை மூடிவிடுகிறது. இரட்டைப் பார்வையும் மறைந்துவிடுகிறது. பார்வை சரியாகிவிட்டதாக நினைத்து அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

சிங்கப்பூரில் கிராஞ்சியின் தொழிலாளர் தங்கும் விடுதியிலோ சிராங்கூன் சாலைக் கடையிலோ ஒருவர் இப்படிச் சொன்னால் நம்மவர்களிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "தூக்கம் பத்தலை." "பிரஷரா இருக்கும்." "சுகர் டெஸ்ட் பண்ணிப் பாரு." இந்த மூன்றில் எதுவும் அபத்தமில்லை. பல நேரம் அவற்றில் ஒன்று சரியாகவும் இருக்கும். அதனாலேயே நான்காவது பதில் யாருக்கும் தோன்றுவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய் ஒன்று உப்பி, கண்ணை அசைக்கும் நரம்பை நெருக்கிக்கொண்டிருக்கலாம். அது அடுத்த சில நாள்களிலோ சில மணி நேரத்திலோ வெடிக்கலாம்.

அந்த நான்காவது பதிலைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கும் நிபுணர்களுக்கும் சிங்கப்பூரில் பஞ்சமில்லை. அவுட்ரமில் 1990ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் சிங்கப்பூர் தேசிய கண் நிலையம் இருக்கிறது. மூளை, நரம்பு நோய்களுக்கென்றே தேசிய நரம்பியல் கழகம் இருக்கிறது. கிராஞ்சிக்குப் பக்கத்திலேயே உட்லண்ட்ஸில் 2024இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனை இருக்கிறது. நோயாளி முதலில் போய் நிற்கும் வாசலில்தான் குறை. அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நோய் நினைவுக்கு வந்தால் உயிர் தப்பும். வராவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

புடைப்பு எங்கே, அடையாளம் எங்கே

பழைய சைக்கிள் டியூபில் தேய்ந்த இடம் மட்டும் குமிழாக உப்பி நிற்பதைப்போல, தமனியின் சுவர் நைந்த இடத்தில் ரத்தம் தள்ளித் தள்ளி உண்டாவதுதான் அனியூரிசம் எனப்படும் ரத்தக்குழாய்ப் புடைப்பு. பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் மூளையின் ரத்தக்குழாயில் இப்படி ஒன்றைச் சுமந்திருப்பதாக மருத்துவ உலகம் கணித்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். புடைப்பு வெடித்தவர்களின் கதை வேறு. ஏறத்தாழ மூன்றில் ஒருவராவது உயிரிழக்கிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழைய வேலைக்குத் திரும்ப முடிவதில்லை.

கண்ணைப் பொறுத்தவரை மூன்று இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதல் இடம் கண்ணுக்கு உள்ளேயே, விழித்திரையின் தமனி. இங்கு வரும் பெரிய புடைப்பைத் தனி நோயாக வரையறுத்துப் பெயரிட்டவர் அமெரிக்கக் கண் மருத்துவர் டென்னிஸ் ராபர்ட்சன், ஆண்டு 1973. அறுபது தாண்டிய, ரத்த அழுத்தம் உள்ள பெண்களிடம்தான் இது அதிகம். வலியே இருக்காது. ஒரு கண் திடீரென்று மங்கும்.

இரண்டாவது இடம் கண்ணுக்குப் பின்னால். கழுத்து வழியாக மூளைக்குள் ஏறும் பெருந்தமனியிலிருந்து கண்ணுக்கென்று ஒரு கிளை பிரிகிறது. பார்வை நரம்பு அதற்கு நேர் மேலே போகிறது. அந்தக் கிளை பிரியும் இடத்தில் உப்பினால் பார்வை நரம்பு மேல்நோக்கி நெருக்கப்படும். ஒரு கண்ணின் பார்வையில் ஒரு மூலை மட்டும் மெல்ல மெல்ல மறையும். இன்னொரு கண் ஈடுகட்டிவிடுவதால் பல மாதங்கள் தெரியாமலே போகும். தற்செயலாக ஒரு கண்ணைப் பொத்தும்போதுதான் தெரியவரும்.

மூன்றாவது இடம் இன்னும் சற்றுப் பின்னால் இருக்கும் இணைப்புத் தமனி. கண்ணுக்கு ரத்தம் கொடுப்பது அதன் வேலை அல்ல. ஆனால் கண்ணை அசைத்து, இமையைத் தூக்கி, கண்மணியைச் சுருக்கும் மூன்றாவது மண்டை நரம்பு அதை ஒட்டியே போகிறது. தொடக்கத்தில் சொன்ன இமை இறக்கம் இந்த இடத்தைச் சேர்ந்தது. மூன்றிலும் அவசரம் மிகுந்தது இதுதான்.

சர்க்கரை என்னும் சௌகரியம்

தமிழர்கள் இதில் தனியாகக் கவலைப்பட ஒரு காரணம் இருக்கிறது. 2007 முதல் 2009 வரை சிங்கப்பூர் இந்தியர்களிடையே நடந்த கண் ஆய்வில் நாற்பது வயது கடந்த 3,400 பேர் பங்கேற்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. நீரிழிவு உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு விழித்திரையிலும் பாதிப்பு. இவ்வளவு சர்க்கரை உள்ள சமூகத்தில் கண்ணில் எது வந்தாலும் சர்க்கரையின் தலையில் கட்டிவிடுவது சுலபம்.

சர்க்கரையும் அதே மூன்றாவது நரம்பைத் தாக்கத்தான் செய்கிறது. நரம்புக்கு உள்ளே போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு இமை விழும், கண் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும், வலியும் இருக்கும். பெரும்பாலும் மூன்று மாதங்களில் தானாகச் சரியாகும். ஆகவே வலியை வைத்து எது எதுவென்று பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது கண்மணியை.

கண்மணியைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. வெளியிலிருந்து ஒரு புடைப்பு நெருக்கினால் முதலில் அடிபடுவது அவைதான். கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். சர்க்கரை தாக்குவது நரம்பின் உள்பக்கத்தை. எனவே மேலே உள்ள இழைகள் பெரும்பாலும் தப்பிவிடும். இமை முழுதாக விழுந்திருந்தாலும் கண்மணி ஒழுங்காகச் சுருங்கும். நரம்பியல் படிக்கும் மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தரும் விதி இது. விதிவிலக்குகளும் உண்டு. இமை அரைகுறையாக இறங்கிய தொடக்க நாள்களில் கண்மணி சரியாக இருப்பதுபோல் தெரிந்து, பிறகு விரியலாம். இன்று பல மருத்துவமனைகளில் கண்மணி எப்படி இருந்தாலும் மூன்றாவது நரம்பு செயலிழந்த எல்லோருக்கும் ரத்தக்குழாய்ப் படம் எடுத்துவிடுகிறார்கள். சர்க்கரை இருக்கிறது என்பது புடைப்பு இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம்.

இதில் நம் கண்ணின் நிறத்துக்கும் பங்கு உண்டு. கருவிழி அடர்ந்த பழுப்பாக இருப்பவர்களுக்கு மங்கிய வெளிச்சத்தில் கண்மணி எது, கருவிழி எது என்றே பிரித்தறிய முடியாது. வெளிச்சம் கூடினால்தான் வித்தியாசம் தெரியும்: நல்ல கண்மணி சுருங்கும், பாதிக்கப்பட்டது விரிந்தபடியே நிற்கும். ஒரு பேனா டார்ச்சு போதும்.

அதே டார்ச்சு இரண்டாவது இடத்துப் புடைப்பையும் காட்டிக்கொடுக்கும். மருத்துவர் வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடிப்பார். நல்ல நரம்பு என்றால் இரண்டு கண்மணிகளும் சுருங்கியபடியே இருக்கும். பார்வை நரம்பு நெருக்கப்பட்ட கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் கண்மணி சுருங்காமல் விரியும். பிறகு சிவப்பு மூடி ஒன்றை முதலில் ஒரு கண்ணால், அடுத்து மறு கண்ணால் பார்க்கச் சொல்வார். பாதிக்கப்பட்ட கண்ணுக்கு அந்தச் சிவப்பு வெளிறித் தெரியும். இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது. இவற்றைச் செய்யாமல் விட்டதால் கண் அழுத்த நோய் என்றோ நரம்பு அழற்சி என்றோ பெயர் சூட்டி மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

'ஸ்கேன் எடுத்தாச்சு' என்பது எதைச் சொல்கிறது

சாதாரணத் தலை சி.டி. ஸ்கேன், வெடித்துச் சிந்திய ரத்தத்தைக் காட்டும். வெடிக்காத புடைப்பைப் பெரும்பாலும் காட்டாது. ரத்தக்குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம்தான் அதைப் பிடிக்கும். ஆகவே "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று ஒருவர் நிம்மதியாக வந்தால், எந்த ஸ்கேன் என்று கேட்பது உற்றாரின் கடமை.

மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் வித்தை, லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927இல் தொடங்கிவைத்தது. இன்று அது எவ்வளவோ கூர்மையாகிவிட்டது. 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட புடைப்புகளில் மிகப் பெரும்பாலானவை சி.டி. ஆஞ்சியோவில் தெரிந்துவிடும். ஆனாலும் படத்தில் புடைப்பு இருந்தும் படித்தவர் கண்ணில் படாமல் போனது உண்டு. ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் 'தலைவலி' என்று மட்டும் எழுதுவதற்கும், 'வலது மூன்றாவது நரம்பு செயலிழப்பு, கண்மணி விரிந்துள்ளது, இணைப்புத் தமனியில் புடைப்பு உள்ளதா?' என்று எழுதுவதற்கும் இடையில் ஓர் உயிர் இருக்கிறது. படம் பார்ப்பவர் எங்கே தேட வேண்டும் என்பதை முதல் வாசலில் இருந்தவர்தான் சொல்லி அனுப்புகிறார்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் 2010இல் தொடங்கிய நீரிழிவு விழித்திரைப் பரிசோதனைத் திட்டத்தில் பலதுறை மருந்தகத் தாதியர் விழித்திரையைப் படம் எடுத்து அனுப்ப, மையத்தில் பயிற்சி பெற்றவர்கள் படித்துச் சொல்கிறார்கள். அந்தத் திட்டத்தின் படங்களையும் பிற நாட்டுப் படங்களையும் சேர்த்து 4,94,661 விழித்திரைப் படங்களைக்கொண்டு உருவாக்கிச் சோதித்த கணினி முறையைப் பற்றி இங்குள்ள ஆய்வாளர்கள் 2017இல் உலகறிய எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த கூகல் ஆய்வில் மதுரை அரவிந்த் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் இருந்தன. பெருமைப்பட வேண்டிய வேலைதான். விழித்திரையில் ரத்த அழுத்தத்தின் தழும்பையும் சர்க்கரையின் நுண்புடைப்புகளையும் அந்தப் படம் காட்டும். மூளையடியில் உள்ள புடைப்பை அது காட்டாது. எந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கினோமோ அதற்கு மட்டுமே இயந்திரம் பதில் சொல்லும்.

கிராஞ்சியில் முதல் வாசல் எது

கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறை ஆலை ஆகிய துறைகளில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் இந்நாட்டில் உழைக்கிறார்கள். அவர்கள் தங்கும் விடுதிகள் கிராஞ்சி, சுங்கை காடுட், துவாஸ் எனத் தீவின் ஓரங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பெரும் பகுதி. 2020இல் விடுதிகளைக் கொள்ளைநோய் உலுக்கிய பிறகு அரசாங்கம் உருப்படியாகச் சிலவற்றைச் செய்தது. 2022 ஏப்ரலில் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் வந்தது. முதலாளி ஆண்டுச் சந்தா கட்டுகிறார். ஊழியர் நேரில் பார்க்க 5 வெள்ளி, தொலைமருத்துவத்துக்கு 2 வெள்ளி கொடுத்தால் போதும். 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் ஆண்டு வரம்பு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. குழாயின் உள்ளிருந்து புடைப்பை அடைக்கும் சுருள் சிகிச்சைக்கோ மண்டையைத் திறந்து கிளிப் போடும் அறுவைக்கோ பல்லாயிரம் வெள்ளி ஆகும் என்பதால் இந்த உயர்வு வெறும் கணக்கு அல்ல.

ஆனால் இரண்டு வெள்ளி வாசல் என்பது கைப்பேசித் திரை. பன்னிரண்டு பேர் படுத்திருக்கும் அறையில், இரவு விளக்கில், மேல் கட்டிலில் உட்கார்ந்து ஒருவர் பேசுகிறார். "தலை வலிக்குது சார், கண்ணு ஒரு மாதிரியா இருக்கு." திரையில் முகம் தெரிகிறது, கண்மணி தெரியவில்லை. மருத்துவர் வலி மாத்திரை எழுதி ஒரு நாள் மருத்துவ விடுப்பும் கொடுத்தால், அவரைக் குற்றம் சொல்வதைவிட அவருக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று கேட்பது நியாயம். அறையின் பெரிய விளக்கைப் போடச் சொல்லலாம். இறங்கிய இமையை விரலால் தூக்கச் சொல்லலாம். பக்கத்துக் கட்டில் தம்பியிடம் இன்னொரு கைப்பேசியின் டார்ச்சை இரண்டு கண்ணிலும் அடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. இது யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பியிராமல், தொலைமருத்துவம் நடத்துவோர் கட்டாயம் பின்பற்றும் எழுத்து விதியாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வாசல் திறக்கிறது. லிட்டில் இந்தியாவின் கண்ணாடிக் கடைகள். பார்வை மங்கினால் முதலில் அங்கே போய் நம்பர் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். இந்நாட்டில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர்கள் சட்டப்படி பதிவு பெற்றவர்கள். கண்ணாடி மாற்றியும் ஒரு கண்ணில் மட்டும் பார்வை தெளியவில்லை, வெளிச்சத்துக்குக் கண்மணிகள் ஒன்றுபோல் சுருங்கவில்லை என்றால், புதிய கண்ணாடியை விற்பதற்குப் பதில் ஒரு கடிதத்தோடு மருத்துவமனைக்கு அனுப்பும் பழக்கம் ஒவ்வொரு கடையிலும் வர வேண்டும்.

இந்த வாசல்களுக்கே வரவிடாத தடை அச்சம். "டாக்டர்கிட்ட பெரிசா எதுவும் சொல்லிடாதே, ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்பது விடுதிகளில் வழங்கும் அறிவுரை. முகவருக்குக் கட்டிய கடன் தீராதவருக்கு வெடிக்கப்போகும் ரத்தக்குழாயைவிட ரத்தாகப்போகும் பெர்மிட் பெரிய பயம். மனிதவள அமைச்சின் விதிப்படி ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. இதை விடுதிச் சுவரில் தமிழிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டுவது நல்லது. ஆனால் சிகிச்சை முடியும்வரை அனுமதிச் சீட்டு கைவிட்டுப் போகாது என்ற உறுதியும் அதோடு இருந்தால்தான் அந்தத் தாளை யாரும் நம்புவார்கள்.

எல்லோரையும் ஸ்கேன் செய்ய வேண்டாம்

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் அனைவருக்கும் ஆஞ்சியோ எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. அறிகுறியே இல்லாதவருக்கு ஒரு சிறு புடைப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால், வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைந்த ஒன்றுக்காக அவர் காலம் முழுதும் நடுங்குவார். சிகிச்சைக்குப் போனால் அதற்கும் தனி ஆபத்து உண்டு. நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கு இந்த நோய் இருந்தவர்களுக்கு மட்டுமே அத்தகைய தேடலைப் பொதுவாக மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். விடுதியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களுக்கு இந்த நோய் அரிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக இங்கேயே உழைத்து நாற்பதைத் தாண்டிய மேற்பார்வையாளர்கள் நிறைய. புகைப்பழக்கமும் அளந்தே பார்க்காத ரத்த அழுத்தமும் புடைப்புக்கு வழிவிடும் முக்கியக் காரணங்கள். இரண்டும் அவர்களிடம் உண்டு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதார ஊழியர் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குக் கிடைக்கும் இந்தத் தொடர் கவனிப்பு, உலகின் சிறந்த மருத்துவமனைகள் உள்ள ஊரில் வேலை செய்யும் மகனுக்கும் கிடைக்க வேண்டும். அடிப்படைப் பராமரிப்புத் திட்டத்தில் உடல்பரிசோதனைகள் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. நாற்பது கடந்தவர்களுக்கும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் படத்தை அதில் சேர்ப்பது பெரிய செலவல்ல. படம் எடுக்கும் கருவியும் படிக்கும் மையமும் படிக்கத் தெரிந்தவர்களும் பலதுறை மருந்தகங்களுக்காக ஏற்கெனவே இங்கு உண்டு. அந்த வசதியை விடுதி மருத்துவ நிலையம்வரை நீட்டினால் போதும்.

விழித்திரைப் படம் ரத்த அழுத்தத்தைக் காட்டிக்கொடுக்கும்; கட்டுப்பட்ட அழுத்தம் புடைப்புகளைக் குறைக்கும். அப்படியும் தப்பி வருகிற ஒன்றிரண்டுக்குத்தான் டார்ச்சும், கண்மணி பார்க்கும் பழக்கமும், தயங்காமல் 995ஐ அழைக்கும் துணிச்சலும். இமை இறங்கி, கண்மணி விரிந்து, வலியும் சேர்ந்தால் அன்றே, அந்த மணி நேரத்திலேயே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வாழ்நாளில் கண்டிராத தலைவலி இடிபோல் இறங்கினாலும் அப்படியே. சர்க்கரையா இல்லையா என்பதை ஆஞ்சியோ முடிந்த பிறகு நிதானமாக விவாதிக்கலாம். வெடிப்பதற்கு முன் கண்டுபிடித்த புடைப்புக்கு இன்று கிளிப் இருக்கிறது, சுருள் இருக்கிறது, ரத்த ஓட்டத்தைத் திசைதிருப்பும் வலைக்குழாய் இருக்கிறது. இவை எல்லாமே நோயாளி உரிய நேரத்தில் வந்து சேர்ந்தால் மட்டுமே வேலை செய்யும். அவரைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு அறிகுறியை முதலில் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் உண்டு, அவர் மருத்துவராக இருந்தாலும், கண்ணாடிக் கடைக்காரராக இருந்தாலும், பக்கத்துக் கட்டில்காரராக இருந்தாலும்.